மலை ஜீப் சவாரி: ஆபத்து எங்கே தொடங்குகிறது?

தேனி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், 7,000 அடிக்கு மேல் இருக்கிறது கொழுக்குமலை. 1930-களில் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று அங்கே உண்டு. இடம் தமிழ்நாட்டில், வண்டி போகும் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. குரங்கணிப் பக்கமிருந்து ஏறுவதென்றால் நடைதான். சூரியநெல்லியிலிருந்து தூரம் சுமார் 12 கிலோமீட்டர். ஜீப்புக்கு அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல் பாவிய எஸ்டேட் பாதை, மழை அரித்த பள்ளங்கள், ஒரு பக்கம் முழுக்கத் தேயிலைச் சரிவு. மேகத்துக்கு மேலே சூரியன் எழுவதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே ஜீப்புகள் வரிசையாக ஏறத் தொடங்கிவிடும்.

ஆண்டு முழுக்க ஆயிரக்கணக்கானோர் இப்படிப் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறார்கள். மூணாறு, வாகமண், ராமக்கல்மேடு என்று இடுக்கி மாவட்டம் நெடுகிலும் இதே தொழில்தான். எப்போதாவது ஒரு ஜீப் உருண்டுவிடுகிறது. மறுநாள் செய்தியில் வரும் வரி எப்போதும் ஒன்றே: ஓட்டுநரின் கட்டுப்பாட்டை இழந்த ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. அந்த வரியோடு விசாரணையும் முடிந்துபோகிறது. மலை ஜீப் ஓட்டுநர்களிடம் குறைவாக இருப்பது திறமை அன்று என்பதே என் கருத்து. அவர்களின் திறமையை நம்பி மற்ற எல்லாவற்றையும் தளர்த்தி வைத்திருக்கிறோம். எத்தனை பேரை ஏற்றுவது, எத்தனை டிரிப் அடிப்பது, எந்த வண்டியை அனுப்புவது, மழை வந்தால் யார் நிறுத்துவது என்ற நான்கும் சாவியைத் திருகுவதற்கு முன்பே முடிவாகிவிடுகின்றன. ஆபத்தில் பெரும்பங்கு அங்கேதான் தொடங்குகிறது.

ஆள் ஏற்றிய வண்டிகள்

இந்த ஜீப்புகள் சுற்றுலாவுக்காக வந்தவை அல்ல. போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் பக்கத்துப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்குப் பல தலைமுறைகளாக மலையேறிப் போய் வருகிறார்கள். விடிகாலையில் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக அவர்களைக் கொண்டுபோவது ஜீப்தான். உள்ளே நெருக்கியடித்து உட்காருவதும், பின் படியில் தொங்குவதும், தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொள்வதும் அங்கே அன்றாடம். கூலி குறைவு, வண்டிக்காசைப் பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். அதனால் ஆள் கூடக் கூட எல்லோருக்கும் நல்லது என்ற கணக்கு வேரூன்றிவிட்டது.

அந்தக் கணக்கின் விலையை 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் பார்த்தோம். மானந்தவாடி அருகே கண்ணோத்துமலையில், தேயிலை பறித்துவிட்டுத் திரும்பிய தொழிலாளர்களின் ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். அது சுற்றுலா வண்டி அன்று, கரடுமுரடான காட்டுப்பாதையும் அன்று. ஆனால் அதே வகை வண்டி, அதே வகை இருக்கை. சுற்றுலா பின்னால் வந்து சேர்ந்தபோது வண்டியோடு பழக்கமும் சேர்ந்தே வந்தது. தோட்டத்துக்குப் போகிறவருக்கு வேறு வழி கிடையாது. பொழுதுபோக்குக்கு வருகிறவருக்கு வழி உண்டு, கேட்கும் பணத்தைக் கொடுக்கும் வசதியும் உண்டு. அவருமே பத்துப் பேரோடு ஒருவராக இடித்துக்கொண்டு ஏற வேண்டிய அவசியம் என்ன?

மெதுவாகப் போனாலும் கவிழும்

வேகம்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். தார்ச்சாலையில் அது பெருமளவு சரி. கல் பாதையில் ஜீப் பெரும்பாலும் ஆள் நடக்கும் வேகத்தில்தான் நகரும், அந்த வேகத்திலும் கவிழும். காரணம் ஓரச் சரிவு. பாதை பள்ளத்துப் பக்கம் சாய்ந்திருக்க, மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு பாறை மீது ஏறினால் வண்டி இன்னும் அதிகமாகச் சாய்கிறது.

கணக்குக்காக ஒரு ஜீப்பை எடுத்துக்கொள்வோம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் இடையே 130 செ.மீ. ஆள் ஏறாத வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் நிற்கும் அந்த வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக்கொண்டே போனால் ஏறக்குறைய 43 பாகை வரை தாங்கும். எட்டுப் பேரை ஏற்றி, கூரையில் பைகளையும் கட்டி, ஈர்ப்பு மையம் 85 செ.மீ.க்கு உயர்ந்துவிட்டால் 37 பாகையிலேயே விழுந்துவிடும். இது காகிதக் கணக்கு. பாதையில் நிலைமை இன்னும் மோசம். தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கிச் சாய்வைக் கூட்டும். குழியில் சக்கரம் சடாரென்று இறங்கும்போது ஒரு உலுக்கு சேரும். பள்ளத்தைப் பார்க்கவும் படமெடுக்கவும் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். ஒருவர் எழுந்து நின்று மேல் கம்பியைப் பிடித்தால், அவருடைய அறுபது எழுபது கிலோ எடையும் அரை மீட்டர் மேலே போய்விடுகிறது. இத்தனையும் சேரும் இடத்தில் ஓட்டுநர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஸ்டியரிங்கில் செய்வதற்கு அதிகம் இல்லை. அவர் கையில் இருந்த இடைவெளியை, ஏற்றிய ஆளும் சுமையும் முன்பே தின்றுவிட்டன.

ஆகவே கூரையில் பை வைக்காதீர்கள், நிற்காதீர்கள் என்பவை சின்னஞ்சிறு கண்டிப்புகள் அல்ல. வண்டி கவிழும் கோணத்தை நேரடியாக மாற்றுகிற விஷயங்கள்.

இறக்கம் வேறு கதை. ஏறும்போது வண்டி திணறும், சத்தம் போடும், பயமுறுத்தும். இறங்கும்போது எல்லாம் எளிதாகத் தோன்றும், ஆபத்து அதிகம் அங்கேதான். நல்ல ஓட்டுநர் ஃபோர்வீலைப் போட்டு, லோ கியரில் முதல் பல்லில் வண்டியை விடுவார். என்ஜினே வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிரேக்கை அங்கங்கே லேசாகத் தொட்டால் போதும். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குகிறவர், முழு எடையையும் பிரேக் மீது சுமத்துகிறார். தொடர்ந்து அழுத்திய பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். கருகிய வாடை வந்தால் பயணிக்கும் தெரியும். அந்த வாடை வந்த வண்டியை நிறுத்தி ஆறவிடச் சொல்ல வேண்டும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இறக்கத்தில் என்ஜின் உறுமுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் நல்ல அறிகுறி. வண்டி ஓசையில்லாமல் வழுக்கிப் போனால் கவனியுங்கள்.

சூரியநெல்லியில் விடிவதற்கு முன் நிற்கும் ஜீப்புகளைக் கவனித்தால் ஓட்டுநர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் புரியும். ஒருவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முன் சக்கரத்தின் உட்பக்கம் கையை விட்டுத் தடவுகிறார். பிரேக் ஆயில் கசிந்து டயரின் உள்ளோரம் ஈரமாகியிருக்கிறதா என்று பார்க்கிறார். பின்பு நான்கு டயரின் பட்டனையும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஸ்டெப்னியையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஆளை ஏறச் சொல்கிறார். பக்கத்து வண்டியில் ஓட்டுநர் கைபேசியில் அடுத்த டிரிப்புக்கு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெளியூர்ப் பயணி இந்த இரண்டு வண்டிகளையும் ஒன்றாகத்தான் பார்க்கிறார், ஏனென்றால் இரண்டுக்கும் கட்டணம் ஒன்று.

இருக்கை, பெல்ட், கூண்டு

பழைய ஜீப்புகளின் பின்பகுதியில் எதிரெதிராக இரண்டு பலகை இருக்கைகள். உட்காருபவர் பக்கவாட்டில் பார்த்து உட்காருகிறார். பெல்ட் கிடையாது, பிடிக்க ஒரு கம்பி. திடீரென்று நின்றால் உடல் பக்கவாட்டில் எறியப்படும், கழுத்தும் இடுப்பும் அதைத் தாங்கும்படி அமைந்தவை அல்ல. முன்னோக்கிய இருக்கையே எப்போதும் மேல். பின் அச்சுக்கு மேலே உட்காருகிறவருக்குக் குலுக்கல் மிக அதிகம், நடுவரிசையில் குறைவு. முதுகுவலிக்காரர், வயதானவர், அறுவை சிகிச்சை முடிந்து தேறி வருகிறவர் ஆகியோரைப் பின்னால் ஏற்றுவது கொடுமை. கர்ப்பிணிகள் இந்தச் சவாரியைத் தவிர்க்கவே வேண்டும். வண்டி தூக்கி எறிந்து சட்டென்று இறங்கும்போது முதுகெலும்பு மேலிருந்து கீழாக நசுங்குகிறது. வயதானவர்களின் தேய்ந்த எலும்பு அந்த ஒரே அடியில் உடையலாம்.

படுதாக் கூரை வெயிலைத் தடுக்கும், மழையை ஓரளவு தடுக்கும். வண்டி உருண்டால் அது இல்லாததற்குச் சமம். உருண்டாலும் நசுங்காத இரும்புக் கூண்டு வேண்டும், அந்தக் கூண்டுக்குள்ளேயே உடலைப் பிடித்து வைக்கப் பெல்ட்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பயன். கூண்டு இருந்து பெல்ட் இல்லாவிட்டால் தலை அந்தக் கம்பியிலேயே மோதும். பெல்ட் இருந்து கூண்டு இல்லாவிட்டால் கூரை தலைமேல் இறங்கும். படம் எடுக்க அழகாக இருக்கும் என்று கூரையை முழுதும் கழற்றிய ஜீப்புகளைச் சில இடங்களில் விரும்பிக் கேட்கிறார்கள். அதில் குழந்தையை மடியில் வைத்து ஏறுவதை எந்தப் பெற்றோரும் செய்யக் கூடாது.

வண்டி சாயத் தொடங்கினால் குதிக்கத் தோன்றும். குதிப்பவர் பெரும்பாலும் வண்டி விழும் பக்கத்திலேயே குதிக்கிறார். வெளியே நீட்டிய கை, கால்தான் முதலில் நசுங்கும். உள்ளுக்குள் இருக்கும் பிடியை இறுக்கிப் பிடித்து, கை, காலை உள்ளே ஒடுக்கி, தலையைக் குனிந்து இருப்பதுதான் தப்பிக்க நல்ல வாய்ப்பு. புறப்படும் முன் இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

விடியலும் டிரிப் கணக்கும்

மலைச் சவாரியின் நெருக்கடி முழுவதும் ஒரே ஒரு மணி நேரத்தில் குவிகிறது. சூரியன் எழும் முன் மேலே போயாக வேண்டும். தாமதமாக வந்த குழுவும் அந்த நேரத்துக்குத்தான் போயாக வேண்டும். “அண்ணே, கொஞ்சம் அமுக்குங்க, சூரியன் வந்துரும்” என்று பின்னாலிருந்து குரல் வரும். ஓட்டுநருக்கும் அவசரம் உண்டு: இந்த டிரிப்பை முடித்து இறங்கினால்தான் அடுத்த டிரிப். பல இடங்களில் ஓட்டுநருக்குக் கிடைப்பது டிரிப்புக்கு இவ்வளவு என்ற பேட்டா. சீசனில் இரவு பதினொரு மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து வருகிறவர், நண்பகல் வரை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். தூக்கக் கலக்கத்தில் கல் பாதையில் வண்டி ஓட்டுபவரிடம் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்து என்ன?

இதற்கு மருந்து தெரியாததன்று. முறைச்சீட்டு வைத்து வண்டிகளை வரிசைப்படி இடைவெளி விட்டு அனுப்புவது, வண்டிக்கு இத்தனை பேர்தான் என்று எண்ணி ஏற்றுவது, ஓட்டுநருக்கு நாள் கூலி கொடுப்பது, ஒரு நாளைக்கு இத்தனை டிரிப்புக்கு மேல் கூடாது என்பது. இவற்றில் எண்ணிக்கையும் வரிசையும் சில இடங்களில் நடைமுறையில் இருக்கின்றன. கூலி முறையை யாரும் தொடுவதில்லை. நான் பார்த்தவரை அதைத் தொடாமல் மற்றவை நிலைக்காது. டிரிப்புக்குக் காசு என்கிறவரை வேகத்துக்கும் காசு கிடைக்கிறது.

2025 ஜூலையில் மூணாறு அருகே ஒரு ஜீப் கவிழ்ந்து தமிழ்நாட்டுப் பயணி ஒருவர் இறந்ததை அடுத்து, இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளை நிறுத்தி வைத்தது. தடை போட்டதைத் தொழிலில் இருப்பவர்கள் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பு அது. என் பார்வையில் அந்தத் தடை சரியானதே, ஆனால் ஒரு சாவுக்குப் பின்னால் வந்தது. வழித்தடத்துக்குத் தகுதிச் சான்று, வண்டிக்குத் தகுதிச் சான்று, ஓட்டுநருக்குத் தகுதிச் சான்று என்ற மூன்றையும் சீசன் தொடங்குவதற்கு முன்பே கேட்பதுதான் நிர்வாகம்.

வழிகாட்டி உடன் இருப்பதாலேயே பயணம் பாதுகாப்பானதாகிவிடாது என்பதற்கு இதே மலையில் இன்னொரு சாட்சியம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களும் ஏற்பாட்டாளர்களை நம்பி வந்தவர்களே. அதன் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. நடந்து ஏறுகிறவருக்கு விதி வந்துவிட்டது. அதே கொழுக்குமலை உச்சிக்கு வண்டியில் போகிறவருக்கு அந்த அளவுக்குத் தெளிவான ஒரே விதித்தொகுப்பை நான் காணவில்லை. புறப்படும் இடம் ஒரு மாநிலம், போய்ச் சேரும் இடம் இன்னொரு மாநிலம் என்பதும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க வசதியாகிவிடுகிறது.

மற்ற நாடுகள் என்ன செய்தன

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரைக்கு அருகே உள்ள கேகரி, உலகிலேயே பெரிய மணல் தீவு. ஃப்ரேசர் தீவு என்று முன்பு அழைத்தார்கள். 120 கிலோமீட்டருக்கு மேல் நீளம், கடற்கரையே நெடுஞ்சாலை. இளம் சுற்றுலாப் பயணிகள் ஒரு பெரிய லேண்ட் குரூசரை வாடகைக்கு எடுத்து, பதினொருவர் வரை ஏறி, கூரையில் கூடாரமும் பையும் கட்டிக்கொண்டு மணலில் ஓட்டுவார்கள். ஓடை அறுத்த பள்ளம் தூரத்தில் தெரியாது. கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தால் வண்டி உருளும். 2009-இல் நடந்த உயிரிழப்புக்குப் பின் குயின்ஸ்லாந்து அரசு விதியை இறுக்கியது. ஓட்டுநர் உட்பட 8 பேருக்கு மேல் கூடாது, கூரையில் சுமை கூடாது, கடற்கரையில் வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், உள்பாதையில் 30. பயணிகளைத் தனியே விடுவதற்குப் பதில், வழிகாட்டியின் வண்டி முன்னே போக மற்ற வண்டிகள் அதைத் தொடரும் முறை பரவியது. ஓட்டுகிறவர்களுக்குப் புதிய திறமை எதையும் அந்த அரசு புகட்டிவிடவில்லை. ஆளையும் சுமையையும் வேகத்தையும் குறைத்தது. நம் மலைகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கது இதுதான்.

வளைகுடாவில் வேலை செய்யும் தமிழர்களுக்கும் அவர்களைப் பார்க்கப் போகும் குடும்பத்தாருக்கும் துபாய்ப் பாலைவனச் சவாரி பழக்கமானது. லஹ்பாப் பக்கத்துச் செம்மணல் மேடுகளில் வண்டி ஏறி இறங்கும். மணலுக்குள் போகும் முன் எல்லா வண்டிகளும் நின்று டயர்க் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கும். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. இருந்தால் மணலில் 15 அளவுக்கு வந்துவிடும். டயர் அகன்று மணலைப் பிடிக்கும். திரும்பும்போது காற்றை ஏற்றாமல் சாலையில் ஓட்டினால் டயர் சூடேறி வெடிக்கும், அதையும் கவனிக்க வேண்டும். மேட்டின் முகட்டைக் குறுக்கே கடக்காமல் நேராக ஏறி நேராக இறங்குவதே விதி. சாய்ந்து கடந்தால் உருளும். வண்டிக்குள் இரும்புக் கூண்டும் ஒவ்வொருவருக்கும் பெல்ட்டும் அங்கே வழக்கம். கர்ப்பிணிகளையும் முதுகுத் தொல்லை உள்ளவர்களையும் மணல்மேட்டுச் சவாரியில் ஏற்றாமல் தனி வண்டியில் முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். சிலிர்ப்பில் அங்கே எதுவும் குறைந்துபோகவில்லை.

இலங்கையின் யால தேசியப் பூங்காவில் சிக்கல் வேறு விதம். திஸ்ஸமகாராமையிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். சிறுத்தை தெரிந்தது என்று அலைபேசியில் தகவல் பறந்தால் ஜீப்புகள் எல்லாம் ஒரே இடத்துக்கு விரையும்; குறுகிய மண் பாதையில் நெரிசல். கெமுனு என்ற தந்தத்து யானை ஜீப்புக்குள் துதிக்கையை விட்டு உணவு தேடுவது அங்கே பெயர்போன சங்கதி. யாரோ முன்பு ஊட்டிய பழக்கம் அது. தின்பண்டத்தை வெளியே எடுக்காமல் இருப்பதும் வண்டியை விட்டு இறங்காமல் இருப்பதும் காட்டுச் சவாரியில் தவிர்க்க முடியாத விதிகள், முதுமலையானாலும் சரி, யாலவானாலும் சரி.

நான்கு சக்கர மோட்டார் சைக்கிள்

ஊட்டி, மூணாறு, சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலை என்று எங்கும் இப்போது ஏ.டி.வி. வந்துவிட்டது. நான்கு சக்கரம் இருப்பதால் விழாது என்று நினைத்துப் பிள்ளைகளை ஏற்றுகிறார்கள். உண்மையில் இந்த வண்டியில் ஜீப்பைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். அகலம் குறைவு, உட்காருகிறவர் உயரே இருக்கிறார், கூண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. வண்டி புரண்டால் 200 கிலோவுக்கு மேற்பட்ட எடை ஓட்டுகிறவர் மேலேயே விழும். மார்பு அழுந்தி மூச்சுத் திணறிச் சாவதே இதில் அதிகம் அஞ்சப்படும் முடிவு. பலவும் ஒருவருக்காகவே செய்தவை. சரிவிலும் வளைவிலும் ஓட்டுகிறவர் தன் உடலை முன்னும் பின்னும் நகர்த்தி வண்டியைச் சமன் செய்ய வேண்டும். பின்னால் இன்னொருவர் உட்கார்ந்தால் நகர இடம் இருக்காது.

அமெரிக்காவில் மூன்று சக்கர வகையால் நேர்ந்த விபத்துகள் பெருகி, 1988-இல் அதன் விற்பனையே நின்றது. இன்றும் அந்நாட்டில் காட்டுப்பாதை வண்டிகளால் ஆண்டுக்கு ஏறக்குறைய 800 பேர் இறப்பதாக அவர்களின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்கிடுகிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோரைப் பெரியவர்களின் ஏ.டி.வி.யில் ஏற்றக் கூடாது, தலைக்கவசம் இல்லாமல் ஓட்டக் கூடாது, தார்ச்சாலையில் ஓட்டக் கூடாது என்று அந்த ஆணையம் ஓயாமல் சொல்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் கடுமையாகப் போனது. 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் புதிய பொதுப்பயன் வண்டிகளில் ஓட்டுகிறவரைக் காக்கும் வளைகம்பி கட்டாயம். குறைந்தபட்ச நிலைப்புக்கும் அளவு வைத்தார்கள். ஹோண்டா, யமஹா உள்ளிட்ட நிறுவனங்கள் அதை ஏற்காமல் அந்த வகை வண்டிகளின் விற்பனையையே அங்கே நிறுத்திக்கொண்டன. அரசு பின்வாங்கவில்லை.

நம் ஊரில் பத்து வயதுப் பிள்ளை, அளவு பொருந்தாத தலைக்கவசத்தோடு, அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து திராட்டிலைத் தொடுகிறது. சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். இதை நிறுத்துவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வாடகைக்கு விடுகிறவர் மறுத்தால் போதும், அவர் மறுக்காவிட்டால் பெற்றோர் மறுக்க வேண்டும்.

காகிதங்கள்

பயணம் பிசகினால்தான் காகிதத்தின் அருமை தெரியும். கூலிக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் வேண்டும். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து அதன் அடையாளம். எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டி ஒவ்வோர் ஆண்டும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டியாக வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான ஓன் போர்டு வண்டியில் காசு வாங்கி ஏற்றிக்கொண்டு போய் விபத்து நடந்தால், பாலிசியின் நிபந்தனையை மீறிவிட்டதாகக் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடம் உண்டு. காயம்பட்டவர் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் அலைய நேரும். எஸ்டேட்டுக்குள் ஓடும் தனியார் பாதை ‘பொது இடம்’ ஆகுமா என்ற கேள்வியும் வழக்கில் கிளம்பும். பல தீர்ப்புகள் பொது மக்கள் போய்வரும் இடத்தையெல்லாம் பொது இடமாக விரித்துப் பொருள் கொண்டிருக்கின்றன. ஆனாலும் அதை நிறுவும் சுமை பாதிக்கப்பட்டவர் தலையில்.

அளவுக்கு மீறி ஆள் ஏற்றினால் 2019-இல் சேர்த்த 194-ஏ பிரிவின்படி கூடுதல் பயணி ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் அபராதம். பெரும்பாலான மலைச் சவாரிகளில் ஒரு தலைக்கு விழும் கட்டணத்தைவிட இது குறைவு. ஆனால் அதே பிரிவு, கூடுதல் ஆட்களை இறக்கி அவர்களுக்கு மாற்று ஏற்பாடு ஆகும்வரை வண்டியை நகரவிடக் கூடாது என்றும் சொல்கிறது. அந்த இரண்டாவது பாதியை அடிவாரத்தில் ஒரு காவலர் நின்று நிறைவேற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

இந்தியச் சுற்றுலா அமைச்சகமும் சாகசச் சுற்றுலா நடத்துநர் சங்கமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் ஏ.டி.வி., ஜீப் சவாரிகளும் இடம்பெற்றுள்ளன. நல்ல ஆவணம். ஆனால் வழிகாட்டு நெறிதான், கட்டாயம் இல்லை. நியூசிலாந்து 2011-இல் சாகசச் சுற்றுலா நடத்துவோர் வெளியார் தணிக்கையில் தேறிப் பதிவு பெற்றால்தான் தொழில் செய்யலாம் என்று சட்டமே ஆக்கியது. நாமும் அந்த இடத்துக்கு வந்தாக வேண்டும்.

பயணியின் கையில் இருப்பவை

அதுவரை பயணி செய்யக்கூடியவை சில உண்டு. முன்பதிவின்போதே வண்டியில் எத்தனை பேர் என்று கேட்டு, அந்த எண்ணைக் குறுஞ்செய்தியில் வாங்கி வையுங்கள். பலகையின் நிறத்தைப் பாருங்கள், டயர் பட்டனைப் பாருங்கள். “எஃப்.சி. எப்போ சார் எடுத்தீங்க?” என்று ஓட்டுநரிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் அவரே காட்டுவார், முறையாகத் தொழில் செய்கிறவருக்கு அதில் பெருமைதான். முந்தைய நாள் கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடத் தயாராக இருங்கள், முன்பணம் போனாலும் போகட்டும். மலையில் அலைபேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். யாரோடு, எந்த எண் வண்டியில், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதைக் கீழே ஒருவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். அடிபட்டவரைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடங்கள் இவை. இரத்தப்போக்கை நிறுத்துவதற்கான துணிக்கட்டும் பாண்டேஜும் வண்டியில் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், ஓட்டுநர் “இன்னைக்கு வேணாம் சார், பாதை சரியில்லை” என்று சொன்னால் அவரோடு பேரம் பேசாதீர்கள். அவர் அந்தச் சொல்லுக்காக ஒரு நாள் வருமானத்தை விடுகிறார். அவருக்குப் பாதிக் கட்டணமாவது கொடுத்துவிட்டுத் திரும்புவது நியாயம். சுற்றுலா நடத்துவோரும் இதை விதியாக்கலாம்: பாதுகாப்புக்காக ஓட்டுநர் ரத்து செய்த டிரிப்புக்கு அவருடைய பேட்டா உண்டு.

ஒன்றை அரசிடம் கேட்டாக வேண்டும். ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் சாலை விபத்து அறிக்கையில் இந்த ஜீப்புகள் கார், டாக்சி, வேன் என்ற பெரும்பிரிவுக்குள் கரைந்துவிடுகின்றன. உயிரிழப்பு நேர்ந்தால் கவனக்குறைவாக ஓட்டியதாக ஓட்டுநர் மீது வழக்குப் பதிவாகிறது. வண்டியில் எத்தனை பேர் இருந்தார்கள், கூரையில் சுமை இருந்ததா, அன்று அவருக்கு அது எத்தனையாவது டிரிப், பிரேக் எந்த நிலையில் இருந்தது என்பவை எந்தப் பொதுப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இடுக்கி, தேனி, நீலகிரி மாவட்ட நிர்வாகங்கள் இந்த நான்கு கேள்விகளை ஒவ்வொரு ஜீப் விபத்திலும் கேட்டு, விடைகளை ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். வரும் சீசனிலிருந்தே இதைத் தொடங்கலாம். புதுச் சட்டமோ பெரிய செலவோ இதற்குத் தேவையில்லை.